உப்புக்காரி கோமளையின் கடையாணி வழக்கு

ரயிலும் தார்ச்சாலையும் வருவதற்கு வெகுகாலம் முன்பு, வில்வபுரி நாட்டைச் செங்கோடன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், கேளுங்கள். ஆனால் கடைசியாக யார் பேசினாரோ, அவர் சொன்னதே அவனுக்கு நியாயம்.

அந்த நாட்டில் கோமளை என்ற உப்பு வியாபாரி இருந்தாள். கணவன் இறந்தபின் இரண்டு மாடும் ஒரு வண்டியும்தான் அவள் வீட்டில் அடுப்பெரிய வைத்தன.

ஒருநாள் சந்தையில் வண்டியை அவிழ்த்துவிட்டு, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். திரும்பி வந்து பூட்டி ஓட்டினாள். குளத்தங்கரை இறக்கத்தில், இடப்பக்கச் சக்கரம் கழன்று அவளுக்கு முன்னால் தனியாக உருண்டோடியது. வண்டி சாய்ந்தது. உப்பு மூட்டையெல்லாம் ஊர் குடிக்கும் குளத்தில் கரைந்தது. சக்கரம் கழலாமலிருக்க அச்சின் நுனியில் செருகும் கடையாணியை எவனோ உருவிப் போயிருந்தான். சந்தையில் அடிக்கடி நடக்கும் திருட்டுதான்.

மறுநாள் அரண்மனைப் பாயசமே கரித்தது. காவலர்கள் கோமளையின் மாடுகளை ஓட்டிப்போய் அரண்மனைத் தொழுவத்தில் கட்டினார்கள். வழக்கு அரசனிடம் வந்தது.

முதல் நாள் அரசன் காவல் தலைவனைக் கேட்டான்.

"திருடனைப் பிடிப்பது சுலபம் அரசே, அவன் யாரென்று மட்டும் தெரிய வேண்டும்" என்றான் அவன். அரசனுக்கு நியாயமாகப் பட்டது.

இரண்டாம் நாள் அமைச்சரைக் கேட்டான்.

"குற்றம் வண்டிக்காரர்களுடையது. இறங்கிப் போகும்போது ஆணியைக் கழற்றி மடியில் கட்டிக்கொள்ள வேண்டாமா?" என்றார் அமைச்சர். உடனே முரசறைந்தார்கள். அன்று ஆணியில்லாமல் நின்ற வண்டிகளில், திருடர்கள் சக்கரங்களையே கழற்றிப் போனார்கள்.

மூன்றாம் நாள், நாட்டுக்கெல்லாம் வண்டி செய்யும் பட்டறைக்காரர் திருமேனியார் வந்தார்.

"இரண்டு விரலால் உருவக்கூடிய ஆணியைச் செய்தவர் இவர்தானே?" என்றாள் கோமளை.

"நான் வண்டி செய்கிறேன் அம்மா, திருடனைச் செய்யவில்லை. ஆணி போனால் என்ன? காசு கொடுத்தால் என் பட்டறையில் புது ஆணி எப்போதும் கிடைக்கும்" என்றார் அவர்.

சபை தலையாட்டியது. அரசனும் ஆட்டினான். கோமளை முன்னால் வந்து நின்றாள். மாடுகள் போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சியில்லை.

"அரசே, காலையில் என் மாடுகளைப் பார்க்கப் போனேன். பக்கத்தில் உங்கள் தேர் காவலில்லாமல் நிற்கிறது. அதன் கடையாணியை யாராவது கையால் உருவிக் காட்டட்டும். உருவிவிட்டால், மாடுகளைக் கேட்கமாட்டேன்."

எல்லாரும் தேரிடம் போனார்கள். காவல் தலைவன் இழுத்தான், வரவில்லை. அமைச்சர் இழுத்தார், வரவில்லை. யானைப்பாகன் சக்கரத்தில் காலை ஊன்றி இழுத்தான், அவன்தான் மல்லாந்து விழுந்தான்.

"இந்த ஆணியைச் செய்தது யார்?" என்றான் அரசன்.

"அடியேன்தான். நுனியை ஒரு வளை வளைத்திருக்கிறேன். சூட்சுமம் தெரிந்தவன்தான் கழற்ற முடியும்" என்று பெருமையாகச் சொன்ன பிறகுதான் திருமேனியாருக்கு உறைத்தது.

"ஒரே ஒரு வளைவுதானா? அவள் வண்டிக்கு ஏன் செய்யவில்லை?"

"அவர்கள் யாரும் கேட்கவில்லை அரசே."

"கேட்க வேண்டுமென்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கோமளை.

அரசன் அன்றுதான் முதல்முறையாக யாரையும் கேட்காமல் தீர்ப்புச் சொன்னான்: "திருடன் அகப்பட்டால் அவனுக்குத் தண்டனை உண்டு. ஆனால் இரண்டு விரலால் உருவ முடிந்த ஆணி திருட்டுப் போனால், அந்த நஷ்டம் ஆணியைச் செய்தவருடையது. குளத்தை இறைத்துச் சுத்தமாக்குவதும் திருமேனியார் வேலை."

கோமளை மாடுகளை ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள். யாரும் கேட்கவில்லை என்று சும்மா இருந்த பட்டறையில், ஒரே வாரத்தில் நாட்டு வண்டிகளுக்கெல்லாம் வளைந்த ஆணி தயாரானது. திருட்டு நின்றது. திருட்டை ஒழித்ததற்காகக் காவல் தலைவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

தீங்கைத் தடுக்கும் வழி தெரிந்தும் தன் லாபத்துக்காகத் தடுக்காமல் விட்டவனுக்கு, அந்தத் தீங்கில் பங்கு உண்டு.