சுரைக்கிண்ணத்தில் பதினோரு பிள்ளைகள்

பச்சைப் புகையிலையை ஊசியால் கோத்து உலரக் கட்டுவது துகாரிமா அம்மையாருக்கு வாய்த்த கூலி வேலை. மெக்சிகோ தேசத்து மேற்கு மலைகளில் வாழும் உய்ச்சோல் குடியில் பிறந்தவர் அவர். கணவரை இழந்தபின் மகள் உத்சியாவை அழைத்துக்கொண்டு சமவெளித் தோட்டத்துக்குப் பிழைக்க வந்தார். பூச்சிமருந்து வாடை மாறாமல் கொட்டகையில் தொங்கும் அந்த இலைகளுக்கு அடியிலேயே கூலிக் குடும்பங்கள் சமைத்தன, உறங்கின. ஆண்டுதோறும் இரண்டொரு குழந்தைகளையாவது புதைக்க நேர்ந்தது. ஏனென்று கேட்க ஒரு நாதியும் இல்லை.

வேலை முடிந்ததும் அம்மையார் கைகழுவி மணி பதிக்க உட்காருவார். பாதியாக வெட்டிய சுரையோட்டின் உள்ளே தேன்மெழுகைப் பூசி, கடுகளவு மணிகளை ஒவ்வொன்றாக ஊசிமுனையில் எடுத்து அழுத்துவார். தெய்வத்திடம் எதை வேண்டுகிறார்களோ அதையே உருவாகப் பதிப்பது அக்குடியின் வழக்கம். மழை வேண்டுவோர் மழையைப் பதிப்பர், சோளம் வேண்டுவோர் சோளத்தை. தெய்வம் வந்து அந்தக் கிண்ணத்திலிருந்து வேண்டுதலைப் பருகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒரு கோடையில் உத்சியாவுக்கு வாந்தி கண்டது. ஏழு வயதுப் பிள்ளை நான்கே நாளில் துவண்டு போனாள். அம்மையார் தம்மிடமிருந்த நீலமணிகள் அத்தனையையும் கொட்டி, கிண்ணத்தின் நடுவே மகளின் உருவைப் பதித்தார். அதைக் கடலில் விட வேண்டிய இடமான, கடல்தாய் ஹராமாராவின் வெண்பாறைக்கு இரண்டு நாள் நடை. மகளைப் பக்கத்துக் குடும்பத்துப் பெண்ணிடம் விட்டுக் கிளம்பியபோது, உடன் வேலை செய்த சிரிலோ சிரித்தார்.

"கடலு என்ன ஆஸ்பத்திரியாக்கா?"

"ஆஸ்பத்திரிக்கும் போயாச்சு தம்பி. இனி அவதான் பாக்கணும்."

மறுநாள் பாதி வழியில் அதே சிரிலோ மூச்சிரைக்க ஓடிவந்து நின்றார். "திரும்பிருங்கக்கா. புள்ள போயிட்டா."

அம்மையார் திரும்பினார். மகளைப் புதைத்தார். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்காம் நாள் ஊசியை எடுத்து, கிண்ணத்திலிருந்த மகளின் உருவை மணி மணியாகப் பெயர்த்தார். சாமியே வேண்டாமென்று ஆகிவிட்டது என்று கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். பாவம், பெற்ற வயிற்றை யார் குறை சொல்வது!

ஆனால் அம்மையார் அதே மணிகளை மீண்டும் பதிக்கத் தொடங்கினார். இம்முறை விரலளவு உருவங்கள். சிரிலோ எட்டிப் பார்த்தார்.

"இது யாருக்கா?"

"உன் மவன். கால் வளஞ்சிருக்கு பாரு."

கொட்டகையில் மிஞ்சியிருந்த பிள்ளைகள் பதினோரு பேரும் அதில் இருந்தார்கள். பதித்து முடிந்ததும் சிரிலோ கிண்ணத்தைத் துணியில் சுற்றித் தாமே சுமந்துகொண்டு, அம்மையாருக்கு முன்னால் நடந்தார்.

வெண்பாறைக்கு எதிரே, பிறர் விட்ட கிண்ணங்களை அலை கரையிலேயே புரட்டிக்கொண்டிருந்தது. அம்மையார் தண்ணீரில் இறங்கி, "என்னுது போச்சு தாயே. இதுங்கள விட்டுரு" என்றார். ஓர் அலை அவர் மார்புவரை எழுந்து, கிண்ணத்தைக் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போயிற்று. இருட்டும்வரை காத்திருந்தார்கள். அது கரைக்குத் திரும்பவே இல்லை.

உத்சியா உயிர்த்து வந்தாள் என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அம்மையார் சாகும்வரை புகையிலைதான் கோத்தார். ஆயினும் அதன்பின் அந்த ஆண்டு அக்கொட்டகையில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. தம் பிள்ளைக்கென்று வைத்திருந்ததைப் பிறர் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த அந்தத் தாயின் பாதங்களை வணங்குகிறோம்.