பாலத்து மாடம்

ஆற்றின் மேற்குக் கரையில் நாச்சியாரம்மாளின் குடில் இருந்தது. பாலத்தில் நடந்து வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து நீர்மோர் குடித்துவிட்டுப் போவார்கள். கேட்பதற்கு ஏதாவது இருந்தால் கேட்பார்கள். அம்மாள் சில நேரம் பதில் சொல்வார். பல நேரம் மோர் மட்டும் கொடுப்பார்.

பாலம் மிகப் பழையது. ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி வர முடியாது. நடுவில் முதுகு தூக்கியிருக்கும். இந்தக் கரையில் நிற்பவருக்கு எதிரே வருவது தெரியாது. அதற்காகவே கட்டியவர்கள் இரண்டு பக்கச் சுவரிலும் அங்கங்கே ஆள் ஒதுங்கி நிற்க இடம் விட்டிருந்தார்கள். விளக்குமாடம் போல வளைந்து இருந்ததால் ஊரில் அதை மாடம் என்றார்கள்.

பாலத்தில் யாராவது அடிபட்டால் ஊர் கூடும். பாலத்துக்கு ஒரு காவல் வேண்டும் என்று பேசுவார்கள். அப்படி ஒரு மாடத்தில் பிள்ளையார் வந்தார். அடுத்ததில் ஒரு சூலம். இன்னொன்றில் செத்துப்போன வண்டிக்காரரின் படம் பதித்த கல். இப்படியே ஒவ்வொன்றாக நிறைந்துவந்தன.

தளவாய் மனைவியை அந்தப் பாலத்தில்தான் இழந்தார். சந்தைக்குப் போய்த் திரும்பும்போது வழக்கம்போல் அவர் முன்னால் நடந்தார். கோமு கூடையோடு பின்னால் வந்தாள். பஸ் வந்தது. அவர் காலியாக இருந்த மாடத்தில் ஏறிக்கொண்டார். அவள் அப்போது பிள்ளையார் மாடத்துக்கு முன்னால் இருந்தாள்.

அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. அம்மாளின் குடிலில் தங்கிவிட்டார். அம்மாளைவிட அவர் வயதில் மூத்தவர். ஆனாலும் அவர் அம்மா என்றுதான் அழைப்பார். அம்மாள் அவரை அண்ணாச்சி என்பார்.

வந்த நாளிலேயே அவர் கேட்டது ஒன்றுதான்.

“இத்தனை காவல் இருந்தும் அவள ஏன் காக்கல?”

அம்மாள் திருப்பிக் கேட்டார். “அவ பிள்ளையார் பீடத்துல ஏறி நின்னிருக்கலாமே. ஏன் ஏறல?”

தளவாய் நிமிர்ந்து பார்த்தார். “சாமி மேல எப்படிம்மா கால் வைப்பா? கோமு அப்படிப்பட்டவ இல்ல.”

“சரி,” என்றார் அம்மாள். உள்ளே போய் ஒரு சிவப்புத் துண்டை எடுத்து வந்து கொடுத்தார். பாலத்து முகப்பில் போய் நில்லுங்கள் என்றார்.

பாலத்துக்கு ஒரே துண்டுதான். ஒரு கரையிலிருந்து கிளம்பும் டிரைவர் அதை வாங்கிக்கொண்டு போய் மறுகரையில் கொடுக்க வேண்டும். அங்கே டீக்கடை ஆசீர்வாதம் வாங்கி வைத்துக்கொள்வார். எந்தக் கரையில் துண்டு இருக்கிறதோ அந்தக் கரை வண்டி மட்டும் கிளம்பலாம். வண்டியை அனுப்புமுன் நடக்கிறவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். அம்மாள் சொல்லித்தந்தது அவ்வளவுதான்.

முதலில் டிரைவர்கள் சிரித்தார்கள். ஒரு கண்டக்டர் அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார், ரயில் எப்போது வரும் என்று தினமும் விசாரித்தார். துண்டைத் துவைத்து எத்தனை நாளாகிறது, வாங்கினால் கையெல்லாம் வியர்வை நாற்றம் என்று ஆசீர்வாதம் அலுத்துக்கொள்வார். போகப்போக எல்லோருக்கும் பழகிவிட்டது. தளவாய் நிற்கும்போது பாலத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

கேள்வி மட்டும் அவரை விடவில்லை. சாயங்காலம் துண்டை மடித்து வைக்கும்போது மறுபடி கேட்பார். அம்மாள் மோரை நீட்டுவார்.

கோமுவின் திதி வந்தது. தளவாய் ஒரு கல் கொத்தி வாங்கியிருந்தார். மேலே விளக்கு வைக்கக் குழி, கீழே கோமுவின் பெயர். அவள் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடம் மட்டும் காலியாக இருந்தது. அன்று அவர் ஏறி நின்ற மாடம்தான். அதில் அந்தக் கல்லை வைக்க வேண்டும் என்றார். ஊரில் கேட்டாகிவிட்டது, எல்லோருக்கும் சம்மதம். அம்மாள் சரி என்றால் போதும்.

அம்மாள் விளக்குக் குழியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“வச்சுப் பாருங்க அண்ணாச்சி. சிமெண்டு மட்டும் இன்னைக்குப் பூச வேண்டாம்.”

கல் கனமாக இருந்தது. தளவாய் சிவப்புத் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்துக் கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டார். அம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு கூட நடந்தார். மாடத்தில் கல் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. விளக்கேற்றினார்கள். தூரத்திலிருந்து பார்க்கலாம் என்று கிழக்குக் கரைக்குப் போய் டீக்கடை முன்னால் நின்றார்கள். அங்கிருந்து சுடர் தெரிந்தது. தளவாயின் முகம் அத்தனை நாளில் முதல்முறையாகத் தெளிந்திருந்தது.

ஊர்க்காரி சொர்ணம் தலையில் புல்லுக்கட்டோடு அவர்களைக் கடந்து பாலத்தில் ஏறினாள். வண்டி ஏதும் வருமா என்று கேட்டுக்கொண்டேதான் போனாள்.

“துண்டு என் தோள்ல இருக்கு. எந்த வண்டி வரும்? நீ போ தாயி,” என்றார் தளவாய்.

அக்கரையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. தளவாய் சிரித்தார். நான் போகிறவரை அவன் அங்கேதான் நிற்க வேண்டும் என்று ஆசீர்வாதத்திடம் சொன்னார்.

ஹாரன் நின்றது. பாலத்து முதுகின் மேல் லாரியின் தலை தெரிந்தது.

தளவாய் கத்தினார். சொர்ணம் மாடத்தைப் பார்த்து ஓடினாள். எட்டி ஒரு கால் வைத்தால் உள்ளே போயிருக்கலாம். அவள் விளக்கைப் பார்த்தாள். வெளியிலேயே சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

பிரேக் சத்தம் கேட்டது. புல்லுக்கட்டு பறந்து சிதறியது.

அவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது லாரி சுவரை உரசிக்கொண்டு நின்றிருந்தது. சொர்ணம் புல்லுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்ந்து ரத்தம் கசிந்தது. வேறொன்றும் இல்லை.

டிரைவர் கீழே குதித்து வந்தார். அங்கே துண்டும் இல்லை, ஆளும் இல்லை, இனிமேல் அந்த முறை கிடையாது போல என்று நினைத்துத்தான் ஏறினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தளவாய் தன் தோளிலிருந்த துண்டை எடுத்துச் சொர்ணத்தின் முழங்கையில் கட்டினார்.

“உள்ள ஏறி நின்னிருக்கலாம்லா, தாயி?”

“விளக்கு எரியுதே அண்ணாச்சி.” அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “அக்கா மேல கால வைக்கவா?”

பிறகு கல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோமக்காதான் தன்னைக் காப்பாற்றினாள், வருகிற செவ்வாய்க்கிழமை மாலை வாங்கிப் போடுவேன் என்றாள். ஆசீர்வாதமும் டிரைவரும் புல்லை அள்ளிக் கட்டிக் கொடுத்தார்கள். சொர்ணம் மெதுவாக எழுந்து நடந்தாள். லாரி டீக்கடைப் பக்கம் ஊர்ந்து இறங்கியது, ஆசீர்வாதமும் கூடப் போனார்.

பாலத்தில் தளவாயும் அம்மாளும் மட்டும் நின்றார்கள்.

தளவாய் குனிந்து விளக்கை அணைத்தார். கல்லை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். வரும்போது தலையில் வந்த கல். இப்போது நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். சட்டையெல்லாம் எண்ணெய் வழிந்தது.

“இத எங்கேம்மா வைக்கட்டும்?”

“கீழ வைங்க.”

வைத்தார்.

அம்மாள் முந்தானையால் மாடத்தில் சிந்திய எண்ணெயைத் துடைத்தார். திரியை எடுத்து ஆற்றில் போட்டார். எல்லாம் துடைத்தான பிறகு நகர்ந்து வழிவிட்டார்.

“நீங்க ஏறி நில்லுங்க.”

தளவாய் தயங்கினார். அன்றைக்குப் பிறகு அவர் அந்த மாடத்தில் கால் வைத்ததில்லை. ஏறி, முதுகைச் சுவரில் சாய்த்து நின்றார். எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளிப் பிள்ளையார் மாடம். யாரோ புதிதாக மாலை போட்டிருந்தார்கள்.

“நல்லா நிக்க முடியுதா அண்ணாச்சி?”

“முடியுது.”

அம்மாள் அவர் பார்க்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இவ்வளவு இடம் அங்க இருந்திருந்தா போதும் அவளுக்கு.”