வெடுக்கன் பேரம் பேசி வாங்கிய கிளி

வெடுக்கன் என்ற முள்ளம்பன்றி ஆற்றங்கரை மேட்டில் தனியாக இருந்தது. யார் பக்கத்தில் வந்தாலும் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அப்புறம் யார் வருவார்கள்? கூடப் பிறந்த தங்கை குறுமுள்ளியே ஒரு கிழங்குக்காக வந்த சண்டையில் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

மேட்டின் மேல் வனக்காவலர்கள் விட்டுப்போன குடிசை ஒன்று. அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். காட்டு விலங்குகளின் கடிதமெல்லாம் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் வந்து போகும். வெடுக்கனுக்குக் கடிதம் போட ஆளில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் போய்த் திறந்து பார்க்கும்.

ஒருநாள் திரையில் ஒரு வரி தெரிந்தது.

"குறுமுள்ளியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. உங்கள் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இது திறக்காது."

வெடுக்கன் உடனே மரநாயைக் கூப்பிட்டனுப்பியது. காட்டில் புது சிஸ்டம் போட்டுக் கொடுப்பது மரநாய்தான்.

மரநாய் பெட்டியைத் தட்டிப் பார்த்தது. "வெடுக்கண்ணே, இது கிழட்டுப் பெட்டி. மெமரி ரொம்பக் கம்மி. இதுக்குன்னே மெலிசா ஒரு புது சிஸ்டம் இருக்கு. கடிதம் படிக்கலாம், எழுதலாம். பத்துக் கிழங்கு கொடு, இப்பவே போட்டுடறேன்."

"நரிக்கு என்ன போட்டே?"

"நரியோடது புதுப் பெட்டி. அதுக்கு முழுசாப் போட்டேன். ஆடுற அருவி, மழை வருமான்னு சொல்ற பலகை, பேசுற கிளி, எல்லாம் இருக்கு."

"அதுக்கு எத்தனை கிழங்கு?"

"அதுக்கும் பத்துதான்."

வெடுக்கனின் முள்ளெல்லாம் எழுந்து நின்றது. "நரிக்கு விருந்து, எனக்கு மட்டும் வெறும் கஞ்சியா? யார்கிட்ட விளையாடறே? எனக்கும் முழுசாப் போடு! எட்டுக் கிழங்குதான் தருவேன்!"

"அண்ணே, இந்தப் பெட்டி தாங்காது. சொன்னாக் கேளு!"

"நீ போடுவியா, மாட்டியா?"

இழுபறி மூன்று நாள் நடந்தது. கடைசியில் மரநாய் கும்பிடு போட்டது. "சரி, எட்டே கொடு. எல்லாத்தையும் போட்டுடறேன். அப்புறம் என்னைக் கூப்பிடாதே!"

வெடுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டதல்லவா!

பெட்டியைத் திறந்தது. திரையில் அருவி பாதி விழுந்து நின்றது. கிளி வந்து, "வணக்கம், வெடுக்கரே! இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டது. வெடுக்கனை இப்படி யாரும் கேட்டுப் பல நாளாயிற்று. "இருக்கேன்" என்றது வெடுக்கன். பிறகு கடிதத்தை அமுக்கியது. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டி உறைந்து போனது.

மறுநாளும் அதே அருவி, அதே கிளி, அதே வட்டம். இப்படியே ஒரு வாரம் ஓடியது. மேற்கு மலையில் இடி இடித்தது. ஆற்றில் செம்மண் கலங்கிய தண்ணீர் வரத் தொடங்கியது.

எட்டாம் நாள் வெடுக்கன் ஆத்திரத்தில் பெட்டியை ஓங்கி உதைத்தது. முள்ளைச் சிலிர்த்தபடியே தன் வளைக்குள் பாய்ந்தது. வாசலிலேயே சிக்கிக்கொண்டது! முன்னே போகவும் முடியவில்லை, பின்னே வரவும் முடியவில்லை. திட்டித் தீர்த்தது. கேட்க ஆளில்லை. கத்திக் கத்தி ஓய்ந்து, மெதுவாக முள்ளை மடக்கியது. உடம்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

முள்ளை மடக்கியதும் வழி கிடைத்ததே, பெட்டியும் இப்படித்தான் அடைத்துக் கிடக்கிறதோ என்று வெடுக்கனுக்கு உறைத்தது. பிறகு எழுந்து குடிசைக்கு ஓடியது.

"அருவியா? நிறுத்து! மழைப் பலகையா? மழைதான் தலையிலேயே விழுதே, தூக்கு!" ஒவ்வொன்றாக அணைத்தது. கடைசியில் கிளி மட்டும் மிஞ்சியது.

"வணக்கம், வெடுக்கரே! இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

வெடுக்கனின் கை நின்றது. காட்டிலேயே தன்னை நலம் விசாரிக்கிற ஒரே குரல் அது.

"நல்லா இல்லப்பா. போயிட்டு வா" என்று சொல்லி, கிளியையும் அணைத்தது.

கடிதம் சட்டென்று திறந்தது.

"அண்ணா, நீ இல்லாம இங்கே நல்லாயில்லை. ஆத்துல வெள்ளம் வர்றதுக்குள்ள நான் வந்துடட்டுமா? 'வா'ன்னு ஒரு வார்த்தை எழுது. எழுதலைன்னா உன் கோபம் தீரலைன்னு நினைச்சு, மேற்கே போற கூட்டத்தோட போயிடுவேன்."

வெடுக்கன் உடனே பதில் எழுதியது. "வா. வளையில இடம் இருக்கு."

பதில் மறுநாள் சாயங்காலம் வந்தது.

"அண்ணா! உன் கடிதத்தை வழியில ஒரு முயலோட பெட்டியிலதான் பார்த்தேன். நாங்க கிளம்பி நாலு நாளாச்சு. ஆறும் ஏறிடுச்சு, இனி தாண்ட முடியாது. தண்ணி வடிஞ்சதும், கோடையில வர்றேன். இடத்தை யாருக்கும் கொடுத்துடாதே."

வெடுக்கன் கரைக்குப் போய் நின்றது. எதிர்க்கரை தெரியாமல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. மூன்று நாள் பேரம், ஏழு நாள் அருவியும் கிளியும். அந்தப் பத்து நாளில் பாதி மிச்சமாகியிருந்தாலும் போதும், இந்நேரம் தங்கை பக்கத்தில் இருந்திருக்கும்.

திரும்பி வந்து வளையில் பாதியைக் காலி செய்தது. காய்ந்த புல்லைப் பரப்பியது. அந்த மழைக்காலம் முழுக்க, முள்ளை மடக்கிக்கொண்டு மற்றப் பாதியில் தனியாகப் படுத்திருந்தது.

சின்ன இடத்தில், மலிவாகக் கிடைக்கிறதே என்று வேண்டாததையெல்லாம் அடைத்து வைப்பவன், வேண்டியது வாசலில் வந்து நிற்கும்போது இடமில்லாமல் அதை இழப்பான்.