வெள்ளை விளக்கும் மூன்று முட்டைகளும்

“விளக்குப் பக்கத்துல கூடு கட்டப் போறியா? கட்டு மாப்பிள்ளை. ஆனா அதுக்கு முன்னாடி...”

முன்னாடி என்ன? மாமனார் எதையோ செய்யச் சொல்லியிருந்தார். நீலனுக்கு அது மறந்தே போய்விட்டது.

நீலன் ஒரு தகைவிலான் குருவி. மலைக்காட்டில், குளக்கரையோரம் இருந்த பயணியர் விடுதியின் தாழ்வாரத்தில்தான் அவனும் மனைவி செம்மணியும் குடியிருந்தார்கள். தாழ்வாரத்தின் ஒரு கோடியில் பழைய குண்டு பல்பு மஞ்சளாக மினுங்கும். மறுகோடியில் புதிதாக மாட்டிய எல்.இ.டி. பல்பு பாலாய்ப் பொழியும். பகலிலும் மூடுபனி கவிந்திருந்ததால் இரண்டும் அணைவதே இல்லை.

“போன வருஷம் மாதிரி குண்டு பல்புக்குக் கிட்டயே கட்டுவோமே” என்றாள் செம்மணி.

“அந்த அழுமூஞ்சி விளக்கா? இதைப் பாரு, கண்ணு கூசுது! வெளிச்சமே இவ்வளவுன்னா சூடு எவ்வளவு இருக்கும்!”

வெள்ளை விளக்கை ஒட்டியே நீலன் சேற்றைக் குழைத்துக் கூடு கட்டினான். செம்மணி மூன்று முட்டை இட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. பூச்சிகள் அருகிப்போயின. அடைகாத்த செம்மணி பசியில் துவண்டாள்.

“எனக்குக் கண்ணை இருட்டுதுங்க. ஏதாவது தின்னுட்டு வர்றேன். அதுவரைக்கும் நீங்க உட்காருங்க.”

“ஆம்பிளை அடைகாக்கிறதா? காடே சிரிக்கும்! அதான் விளக்கு இருக்கே, அது பார்த்துக்கும். வா, ரெண்டு பேரும் போவோம்!”

அவர்கள் திரும்பி வந்தபோது முட்டைகள் குளத்துக் கூழாங்கற்களாய்ச் சில்லிட்டுக் கிடந்தன. செம்மணி அலறிக்கொண்டு அவற்றின் மேல் படுத்தாள். நீலன் பதறிப்போய் விளக்கில் மார்பை ஒட்டிப் பார்த்தான். அவன் சூடுதான் விளக்குக்கு ஏறியது!

மாமனாரின் மிச்சப் பேச்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது: “...மார்பை வச்சுப் பாரு.”

குண்டு பல்பு அருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த பல்லி எட்டிப் பார்த்தது.

“பல்லி அண்ணாச்சி, உங்க விளக்குக்கிட்டயே கட்டியிருக்கணும்!” என்று நீலன் விம்மினான்.

“தள்ளிக் கட்டினா இதம். இப்படி ஒட்டிக் கட்டியிருந்தா முட்டை வெந்திருக்கும்!” என்றது பல்லி. “இந்தக் குண்டு பல்பு சூட்டுக்குன்னே பிறந்தது, வெளிச்சம் கொசுறு. அந்த வெள்ளை விளக்கு வெளிச்சத்துக்குன்னே பிறந்தது, சூடு பேருக்குத்தான். ரெண்டுக்குமே உன் பிள்ளைங்க யாருன்னு தெரியாது, தம்பி.”

வெகுநேரம் கழித்துச் செம்மணி தலை தூக்கினாள். “ரெண்டு முட்டையில அசைவு தெரியுதுங்க. ஒண்ணு... போயிடுச்சு.”

பல்லி மெல்லச் சொன்னது: “வெளிச்சத்தைப் பார்த்துச் சூட்டை எடை போடக் கூடாது. குளிர்ல கிடக்கிற உயிருக்கு இன்னொரு உயிர்தான் கதகதப்பு.”

மறுநாளும் மழை விடவில்லை. “நீ போய் வயிறாரத் தின்னுட்டு வா” என்று செம்மணியை அனுப்பிவிட்டு, நீலன் முட்டைகளின் மேல் உட்கார்ந்தான்.