துலாபாரத்துக்குக் கட்டிய வடம்

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த செங்கழுநாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் நேரத்துக்கு ஒரு குணம். காலையில் தின்ற மாம்பழம் புளித்தால், மாலைக்குள் மாமரத்துக்கெல்லாம் வரி போட்டுவிடுவான். அவனைச் சமாளிக்கத் தெரிந்தவர் மந்திரி தாண்டவராயர் ஒருவரே. அதனாலேயே அவரைக் கண்டால் கட்டட அதிகாரி வீரகேசரிக்கு வயிறு எரியும்.

ஒரு வருஷம் ராஜாவுக்குக் காவல் கோபுரம் கட்டும் ஆசை வந்தது. புது வடம் வாங்கக் கொடுத்த பணத்தை வீரகேசரி தன் மடியில் முடிந்துகொண்டு, இற்றுப்போன பழைய தேர்வடத்தால் கல்லைத் தூக்கச் சொன்னான். பாதி உயரத்தில் வடம் அறுந்தது. கீழே நின்ற கல்தச்சன் சடையனின் இடுப்பில் கல் விழுந்தது.

சடையன் பெண்சாதி பேச்சாயி வீரகேசரியிடம் ஓடினாள். "வைத்தியத்துக்கு வழி பண்ணுங்க ஐயா."

"அவசரப்படாதே. காயம் ஆறட்டும். அப்போதுதானே சேதம் எவ்வளவென்று தெரியும்?"

காயம் ஆறவில்லை. மூன்று மாதம் படுக்கையில் கிடந்து சடையன் செத்துப்போனான். பேச்சாயி மறுபடியும் போனாள்.

"சட்டப்படி காயம்பட்டவனே நேரில் வந்து முறையிட வேண்டும்" என்றான் வீரகேசரி. "அதுவும் ஒரு மாதத்துக்குள். கெடு தாண்டிப்போச்சு, போ."

"செத்தவர் எப்படி ஐயா வருவார்?"

"அது சட்டத்தின் கவலை இல்லை."

பேச்சாயி கண்ணைத் துடைத்தாள். நேரே ராஜசபைக்கு நடந்தாள்.

அவள் சொன்னதைக் கேட்ட ராஜா, "ஐயோ பாவம், ஒரு மூட்டை நெல் கொடுத்து அனுப்புங்கள்" என்றான்.

பேச்சாயி நிமிர்ந்து நின்றாள். "நான் பிச்சைக்கு வரலை, மகாராஜா. உங்க கோபுரத்துக்குக் கல் செதுக்கினவரோட பெண்சாதி நான். நியாயம் கேட்க வந்தேன்."

வீரகேசரி எழுந்தான். "காயம்பட்டவன் வரவில்லையே, பிரபு! வழக்கே செல்லாது."

தாண்டவராயர் மெல்லச் சிரித்தார். "சடையனுக்கு இனி வலி கிடையாது. இன்றைக்கும் வலியோடு இருப்பவள் இதோ நிற்கிறாள். காயம்பட்டவள் வந்துவிட்டாள், அதிகாரியாரே."

"கெடு தாண்டிவிட்டதே?"

"காயம் ஆறட்டும் என்று காத்திருக்கச் சொன்னது யார்? கதவைச் சாத்தியவரே, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கலாமா?"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். வீரகேசரிக்கு முகம் சிவந்தது. "இருக்கட்டும்! குற்றம் சடையன் மேல்தான். கல்லின் கூர்முனையில் வடத்தைக் கட்டினான், அறுந்தது. என் ஆட்கள் அத்தனை பேரும் அதையே சொல்வார்கள்."

"பொய்!" என்றாள் பேச்சாயி. "அவர் கை அப்படிக் கட்டாது."

"வடம் உறுதியானதுதானா?" என்று கேட்டார் மந்திரி.

"மிச்ச வடம் கொட்டகையில் கிடக்கிறது. யானையைக் கட்டித் தூக்கலாம். சத்தியம்!"

"நல்லது. தீர்ப்பு நாளைக்கு" என்றார் தாண்டவராயர்.

மறுநாள் ராஜாவின் பிறந்தநாள். எடைக்கு எடை வெல்லம் நிறுத்து ஊருக்குக் கொடுக்கும் துலாபாரம். ஆள்கனத்து வெண்கலத் துலாக்கோல் மண்டப உத்தரத்திலிருந்து தொங்கியது. தட்டில் ஏற ராஜா காலைத் தூக்கினான்.

"ஒரு சந்தோஷச் செய்தி, பிரபு" என்றார் தாண்டவராயர். "துலாக்கோலை இந்த முறை சாதாரணக் கயிற்றில் தொங்கவிடவில்லை. வீரகேசரி சத்தியம் செய்த அதே வடத்தில் கட்டியிருக்கிறோம். தாராளமாக ஏறலாம்."

"பிரபு, ஏறாதீர்கள்!" வீரகேசரி பாய்ந்து வந்து ராஜாவின் காலைப் பிடித்துக்கொண்டான். "துலாக்கோல் தலையில் விழுந்துவிடும்! அது இற்றுப்போன வடம்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

ராஜா மந்திரியை முறைத்தான். "என் தலையை வைத்தா விளையாடினீர்?"

"அவர் வாய் திறக்காவிட்டால் நானே குறுக்கே விழுந்திருப்பேன், பிரபு. சடையனுக்குக் குறுக்கே விழத்தான் யாரும் இல்லாமல் போனார்கள்."

ராஜா தட்டை விட்டு விலகி நின்று வீரகேசரியைக் கேட்டான்: "என் தலைக்கு ஆகாத வடம் அவன் தலைக்கு மட்டும் ஆகுமா?"

வீரகேசரியின் தலைப்பாகை அங்கேயே கழற்றப்பட்டது. அவன் நிலத்தில் பாதியைப் பேச்சாயி பேருக்கு எழுதச் சொன்னான் ராஜா. இனிமேல் இறந்தவருக்காக வீட்டார் வழக்குச் சொல்லலாம், அதிகாரி காக்க வைத்த நாள் கெடுவில் சேராது என்றும் சட்டத்தைத் திருத்தினான்.

"வேறென்ன வேண்டும், தாயே?"

"சரியாக் கட்டலைன்னு அவர் பேரைக் கெடுத்தாங்களே, அதைத் துடைக்கணும்."

தாண்டவராயரைப் பார்த்து ராஜா தலையசைத்தான். அன்று மாலையே முரசு முன்னே போனது: "கல்தச்சன் சடையன் கையில் பிழை இல்லை! இது ராஜாவின் வாக்கு!" பல்லக்கு கொடுத்தார்கள், பேச்சாயி ஏறவில்லை. கடைத்தெருவில் எல்லாரும் எழுந்து வழிவிட, முரசுக்குப் பின்னால் தலை நிமிர்ந்து நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள்.