நாணம் என்ற காவல்காரன்

“ஏழு வருஷம் எழுதினேன் அம்மா. அவளால காத்திருக்க முடியலையா?”

கேட்டவர் தியெரி, தாடி நரைத்த குதிரை வீரர். கேட்டது ஒதிலிடம். பாட்டுக் கட்டிப் பிழைக்கிற விதவை அவள். அவரைவிடப் பத்து வயது சின்னவள்தான், ஆனாலும் பாட்டில் அவருக்கு அவளே குரு.

அந்தக் காலத்துப் பிரான்சில் காதல் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. காதலி, மதில் போட்ட தோட்டத்தில் இருக்கிற ரோஜா. ஆசை, பயம், நாணம் எல்லாம் மனுஷ உருவில் வரும். பேசும், சண்டை போடும்.

தியெரியின் ரோஜா பேர் இசபோ. போன மாதம் அவள் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள்.

“இந்தப் பாட்டை அவளுக்கு அனுப்பணும். முடிவு மட்டும் வரலை. வாசல்ல நாணம் தடியோட நிக்கிறான், நகர மாட்டேங்கிறான்.”

“எத்தனை ஆட்டுத் தோல்ல எழுதியிருக்கீங்க?”

“நாப்பது.”

“ஐயோ, ஒரு ஆட்டு மந்தையே போச்சே!”

அவர் சிரிக்கவில்லை.

ஒதில் ஒரு சின்னக் கத்தியை நீட்டினாள். தோலில் எழுதியதைச் சுரண்டி அழிக்கிற கத்தி.

“இசபோ தன் வாயால சொன்னதை மட்டும் விடுங்க. மத்ததைச் சுரண்டுங்க.”

“ரோஜா எப்படிம்மா பேசும்?”

“இசபோ பேசுவாளே ஐயா.”

தியெரி உட்கார்ந்தார்.

ஆசை போனது. பயம் போனது. பொறாமை பேசின நீளமான பேச்சு போனது. மூன்று நாள் ஆச்சு. மடியெல்லாம் தூள்.

நாணத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

“இவனை அவ வாசல்ல பார்த்தீங்களா?” என்றாள் ஒதில்.

“இல்லை. கதவு திறந்துதான் இருந்துச்சு.”

அதையும் சுரண்டினார்.

கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. வரவேற்பு என்கிற பணிப்பெண் சொல்வதாக எங்கோ நடுவில் எழுதியிருந்தார்.

ஒதில் அதை வாசித்தாள்.

“மழையில ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க.”

“அவ சொன்னதுதான்.”

“எப்போ?”

“முதல் நாளே.”

“நீங்க என்ன பண்ணினீங்க?”

தியெரி கத்தியைக் கீழே வைத்தார்.

“வீட்டுக்குப் போய் எழுத ஆரம்பிச்சேன்.”