நடுவில் தொங்கும் வால்

“இந்த எச்ஐவி ஒரு மடப்பய மேடம்,” என்றார் குழந்தைவேலு.

பெயரில்தான் குழந்தை, வயது ஐம்பத்திரண்டு. நர்ஸாக இருந்த மனைவி தெய்வானைக்கு வேலையில் ஓர் ஊசி குத்தியது. அதில் வந்த வைரஸ் அவளைக் கொண்டுபோனது. அதை ஒழிக்க வழி தேடித்தான் மனிதர் பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு பேராசிரியர் ஹமீதாவின் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஹமீதா அவரைவிட இளையவர்.

“எதை வச்சு சொல்றீங்க சார்?”

“செல்லுக்குள்ள வந்ததும் தன் டிஎன்ஏவைப் பின்னுது. அதோட ரெண்டு இழையில ஒண்ணை மட்டும் ரெண்டு துண்டாப் பின்னுது. நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வால் மாதிரி தொங்குது. அரைகுறை டெய்லர் வேலை.”

“அப்ப நீங்க ஒழுங்காத் தெச்சுக் காட்டுங்க.”

நோய் தராதபடி முடக்கிய ஆய்வக வைரஸை எடுத்து, வால் விழாதபடி திருத்தினார். அதில் ஒளிரும் மரபணு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள்; வைரஸின் டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குள் போய் நம் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டால் செல் பச்சையாக ஒளிரும். தன்னுடையது இன்னும் ஜோராக ஒளிரும் என்று மீசையை முறுக்கிக்கொண்டார்.

திருத்தாத வைரஸை விட்ட செல் தட்டை முதலில் நுண்ணோக்கியில் பார்த்தார். பார்த்த இடமெல்லாம் பச்சை.

தன் தட்டை வைத்தார். கும்மிருட்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ மினுங்கியது.

“தோத்துட்டேன் மேடம். டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன், செல்லுக்குள்ள போயிருக்கு, டிஎன்ஏவும் பின்னியிருக்கு. கரு வாசல்ல வந்து நின்னுடுச்சு.”

“வால் இல்லையே.”

குழந்தைவேலு மறுபடி நுண்ணோக்கிக்குள் பார்த்தார். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் நடுவில் ஒரு துளி வால். அது இருந்தால் கதவு திறக்கிறது.

“மூளை கிடையாது, கண்ணு கிடையாது. இதை எப்படிக் கண்டுபிடிச்சுது?” என்றார். பிறகு நுண்ணோக்கியிலிருந்து விலகினார். “அவளைக் கொன்னதைப் பார்த்து வாயப் பொளந்து நிக்கிறேனே மேடம். இது அவளுக்குச் செய்யற துரோகம் இல்லியா?”

ஹமீதா கை நீட்டி நுண்ணோக்கியின் வெள்ளை விளக்கைப் போட்டார்.

“இப்பப் பாருங்க சார்.”

குனிந்தார். இருட்டாக இருந்த இடமெல்லாம் செல்கள். தோளோடு தோள் ஒட்டி, உருண்டு திரண்டு, ஆயிரமாயிரம்.

தலை நிமிராமலே கேட்டார்.

“இத்தனை பேரும் தப்பிச்சிட்டாங்களா, மேடம்?”